தகுதி காதுக்கா, கூலிக்கா?

தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், காது கேளாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். நாம் வரவேற்கிறோம். ஆனால், இன்ன குழந்தைக்குப் பொருத்தலாம், இன்ன குழந்தைக்குக் கூடாது என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? உழைப்பாளிப் பெற்றோர் இதை அறிந்திருப்பது அவசியம்.

உட்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்பு உண்டு. ஒலியை நரம்புக்குக் கொடுப்பது அதன் வேலை. அது கெட்டுவிட்டால், கருவி அந்த வேலையைச் செய்யும். நரம்பே இல்லையென்றால் கருவியால் பயனில்லை. அதற்காகவே ஸ்கேன் எடுக்கிறார்கள். கேட்கும் சக்தி ஏறக்குறைய அடியோடு போயிருக்க வேண்டும். சில மாதங்கள் காது மெஷின் மாட்டியும் பலனில்லை என்று தெரிய வேண்டும். தறி இரைச்சலில் காது மந்தமான நம் மில் தோழர்களில் பெரும்பாலோருக்குக் காது மெஷினே போதும்.

எல்லாவற்றிலும் முக்கியம் வயது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் பொருத்தினால் பலன் அதிகம். ஏழெட்டு வயதுக்கு மேல் பொருத்தினால் சத்தம் கேட்கும்; பேச்சு விளங்குவது கடினம். மூளைக்காய்ச்சலால் காது போனாலோ ஒரு மாதமும் தாமதிக்கக் கூடாது. உட்காதில் எலும்பு வளர்ந்து வழியை அடைத்துவிடலாம்.

நாற்று நடப்போகும் தாய்க்கு இதை யார் சொன்னார்கள்? "அவன் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்ல, மூன்று வருஷம் ஓடிவிடுகிறது. பிறகு, "காலம் கடந்துவிட்டது" என்ற பதில் வருகிறது. பிறந்த சில நாட்களிலேயே காதைச் சோதிக்கக் கருவி உண்டு. சில நிமிஷ வேலைதான்.

இன்னொன்றும் பார்க்கிறார்கள்: குடும்பம் பயிற்சிக்கு ஒழுங்காக வருமா? கேட்பது நியாயமே. ஆபரேஷனுக்குப் பின் ஓராண்டுக்குக் குறையாமல் பேச்சுப் பயிற்சி தராவிட்டால் கருவி வீண். ஆனால் பயிற்சி நாளெல்லாம் தாயின் கூலி போகிறதே! அவள் வராமலிருப்பது பாசமில்லாததாலா? அடுப்பெரியாததால்.

ஆகவே நாம் கோருவது: ஒவ்வொரு சிசுவுக்கும் ஆஸ்பத்திரியை விட்டுப் போகுமுன் கட்டாயக் காதுச் சோதனை, தாலுகா ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி, அந்த நாட்களுக்கு ஈட்டுக்கூலி, பழுதான பாகங்களுக்கு மாற்று. கருவி பொருந்தாத குழந்தைகளுக்குச் சைகை மொழியில் நல்ல கல்வி.

தோழர்களே! கதவு படாரென்று அடித்தும் குழந்தை திடுக்கிடவில்லையா? ஒரு வயதாகியும் மழலை இல்லையா? காத்திருக்காதீர்கள். நாளையே அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.