விற்கும் வீட்டை விளம்பும் முறை

சென்னையின் தென்பகுதியில் வீடு விற்க முனைவோர் இற்றை நாளில் தரகரைத் தேடிப் போகுமுன் கைப்பேசியைக் கையில் எடுக்கின்றனர். வீடு விற்பதற்கென்றே இணையத்தில் தளங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில் நான்கு ஒளிப்படமும் நான்கு வரியும் இட்டுவிட்டால் வாங்குவோர் வரிசையில் வந்து நிற்பர் என்பது அவர்கள் எண்ணம். மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய பகுதிகளின் விளம்பரங்களைப் பொறுமையோடு அமர்ந்து படிப்பவர்க்கு முதலில் எழும் ஐயம், விற்கப்படுவது வீடா, ஆங்கிலப் பெயரடைகளா என்பதே. ‘லக்சுரி’, ‘பிரீமியம்’, ‘பிரைம் லொக்கேசன்’ என்னும் சொற்களைக் களைந்துவிட்டுப் பார்த்தால் எஞ்சி நிற்பவை விலையும் தொலைப்பேசி எண்ணுமே. நீர் எவ்வழி வருகிறது, நிலத்தில் பங்கு எவ்வளவு, கட்டடம் எந்த ஆண்டினது, அதன்மேல் கடன் உண்டா என, வாங்குபவர் இரவெல்லாம் உறங்காமல் எண்ணும் வினாக்களுள் ஒன்றற்கேனும் அங்கே விடை இல்லை.

இது சிறு குறையன்று. வாங்குபவர் தம் உழைப்பின் இருபது ஆண்டுப் பயனை வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். விற்பவரோ பெரும்பாலும் முதியவர். மருத்துவச் செலவுக்கோ, பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கவோ, தம் வாழ்நாளின் ஒரே உடைமையைக் கைமாற்ற வந்தவர். திங்கள் பல கடந்தும் வீடு விலைபோகாதபோது அவர் விலையைக் குறைக்கிறாரே அன்றி, விளம்பரத்தைத் திருத்துவதில்லை.

விளம்பரம் என்பது விளம்புதல் என்னும் வினையின் வழி வந்த சொல். விளம்புதலுக்குச் சொல்லுதல் என்பதோடு பந்தியில் உணவு பரிமாறுதல் என்றும் பொருளுண்டு. இலையில் இட்டதைத்தான் விருந்தினர் உண்பார். அடுக்களையின் பெருமையை உண்ணமாட்டார். வீட்டு விளம்பரத்திலும் இலையில் விழவேண்டியவை செய்திகளே.

முதற்செய்தி அளவு. சென்னையில் ‘கிரவுண்டு’ என்று எல்லாரும் சொல்வது பழைய தமிழ் அளவாகிய மனையே. செங்கற்பட்டுப் பகுதியில் வழங்கிய நில அளவில் 24 மனை கொண்டது ஒரு காணி. ஒரு மனை 2,400 சதுர அடி. நிலத்தில் இந்தத் தெளிவு இருக்க, அடுக்ககத்துக்கு வந்தவுடன் அளவு நெகிழத் தொடங்குகிறது. ‘சூப்பர் பில்டப்’ என்னும் பெயரால் படிக்கட்டு, மின்தூக்கி, நடைவழி, காவலர் அறை ஆகியவற்றின் பங்கெல்லாம் வீட்டின் பரப்போடு கூட்டப்படுகின்றது. 1,200 சதுர அடி என்று நம்பி நாடாவோடு போனவர் உள்ளே அளந்து, 850-ஓ 900-மோ கண்டு திகைத்து நிற்பது புதிதன்று. ‘ரெரா’ என்று மக்கள் வாயில் வழங்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டம், ‘கார்ப்பெட் ஏரியா’ எனப்படும் புழக்கப் பரப்பு இன்னதென வரையறுத்துள்ளது. வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் பொதுத்துளை, தனிப்பயன் மாடமுகப்பு, திறந்த மொட்டைமாடி ஆகியவை அதில் சேரா. உள்ளறைகளைப் பிரிக்கும் சுவர் சேரும். இச்சட்டம் புதுக்கட்டடம் எழுப்பி விற்கும் கட்டுநரைப் பிணிப்பது. தாம் குடியிருந்த ஒற்றை வீட்டை விற்பவரைப் பிணிப்பதன்று. எனினும் அந்த அளவைத் தாமே முன்வந்து எழுதுபவரின் விளம்பரம், நூறு விளம்பரங்களுக்கு நடுவே தனித்து நிற்கும். கூட்டிச் சொன்ன பரப்பு வாங்குபவரை வாயில்வரை அழைத்து வரலாம். அளவுநாடா அவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்தது, பலரும் வெட்கப்பட்டு மறைக்கும் செய்தி: கட்டடத்தின் அகவை. மின்தூக்கி இல்லாத, மூன்றே மாடி கொண்ட பழைய அடுக்ககங்கள் இம்மூன்று பகுதிகளிலும் மிகுதி. ‘வெல் மெயின்டெய்ன்டு’ என்று எழுதி ஆண்டை விழுங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. இதைவிட அறியாமை வேறில்லை. இப்பகுதிகளில் பழைய வீட்டின் விலை சுவரில் இல்லை, மண்ணில் இருக்கிறது. ‘யூ.டி.எஸ்.’ எனப்படும் பிரிக்கப்படாத நிலப்பங்கே அதன் உயிர். ஒரு மனையில் நான்கு வீடுகள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி நிலம். அதே மனையில் எட்டு வீடுகள் எழுந்திருப்பின் 300 தான். பழைய கட்டடங்களில் வீடுகள் குறைவாதலால் பங்கு பெரிதாக இருக்கும். தமிழ்நாட்டில் 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரமல்லாத கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. அதே நிலத்தில் முன்னினும் மிகுதியாகக் கட்டலாம் என்பதனால், இடித்துக் கட்டும் நோக்குடையோர் தேடுவது நிலப்பங்கையும் தெருவின் அகலத்தையுமே. இவ்விரண்டையும் எழுதாமல் ‘இத்தாலியப் பளிங்கு’ என்று தரையைப் புகழ்பவர், பொன்னை மறைத்துப் பித்தளையைத் துலக்குகிறார்.

நிலம் விற்போர் செய்தியை ஒழுங்காகச் சொல்வது தமிழர்க்குப் புதிதன்று. சோழர் காலத்து நிலவிலைக் கல்வெட்டுகளைப் படிப்போர் அதனைக் காண்பர். கீழெல்லை எந்த வாய்க்கால், தென்னெல்லை எவருடைய நிலம் என நான்கு எல்லையும் பெயர் சுட்டிச் சொல்லப்படும்; மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உரிமையில் அடங்குமென உரைக்கப்படும். ‘உண்ணிலம் ஒழிவின்றி’ என்பது அவ்வாவணங்களின் வாய்பாடு. எல்லைக்குள் விற்காமல் ஒதுக்கிய துண்டு எதுவுமில்லை என்பது அதன் கருத்து. ஒதுக்கியது இருப்பின் அது நீங்கலாக என்று அதையும் வெளிப்படக் கூறினர். கல்லில் வெட்டுவது எளிய வேலையன்று. அத்துணைத் தொல்லைக்கு நடுவிலும் செய்தியைச் சுருக்காதவர்களின் வழிவந்தோர், இடத்துக்குக் காசு கேட்காத இணையத்தில் நான்கு பெயரடைகளோடு நிறுத்திக்கொள்கின்றனர்!

மயிலாப்பூரில் உரிமையைப் பற்றித் தனியே ஒன்று சொல்லவேண்டும். கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த பகுதியில் மனை கோயிலுக்கும் கட்டடம் தனியாருக்கும் உரியதாக அமைந்த இடங்கள் உண்டு. அத்தகைய வீட்டை விற்பவர் அதனை முதல் வரியிலேயே எழுதுதல் வேண்டும். முன்பணம் கைமாறிய பின் இச்செய்தி வெளிப்பட்டால் முறிவது விலைப்பேச்சு மட்டுமன்று. விற்பவர் தாம் அறிந்ததும், வாங்குபவர் இயல்பான கருத்தோடு பார்த்தும் அறிய இயலாததுமான பெருங்குறையை மறைத்தலாகாது என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தன் 55ஆம் பிரிவில் கட்டளையிடுகிறது.

இனி நீர். சென்னையில் வீடு வாங்குவோரின் அச்சம் இரண்டும் நீரைப் பற்றியவை: கோடையில் வாராத நீர், கார்காலத்தில் வந்துவிடும் நீர். மாநகரக் குடிநீர் இணைப்பு உண்டா, கீழ்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், ஆழ்குழாய்க் கிணறு 2019ஆம் ஆண்டு வறட்சியில் தாங்கிற்றா என்பவை முதல் அச்சத்துக்கு விடைகள். இரண்டாவதைப் பற்றி வாய் திறப்பார் இல்லை. தியாகராயநகர் 1920களில் மாம்பலத்து ஏரி நிலத்தில் எழுந்த நகர். 1925இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ’ என்னும் பெயருடைய சாலை இன்றும் உண்டு, ஏரிதான் இல்லை. 2021 நவம்பர் மழையில் தியாகராயநகர்த் தெருக்களில் நீர் நின்றபோது, ஏரி தன் பழைய இடத்தைத் தேடி வந்ததுபோல் இருந்தது. 2015 திசம்பரில் அடையாறு கரை கடந்து கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் புகுந்ததை எவரும் மறக்கவில்லை. ஆகவே வாங்க வருபவர் கட்டாயம் கேட்பார். விற்பவர் சொல்லாவிடினும் தெருமுனையில் துணி தேய்ப்பவர் சொல்லிவிடுவார், அதுவும் ஓரடியைக் கூட்டியே சொல்லுவார். தெருவில் எவ்வளவு நின்றது, வீட்டுக்குள் வந்ததா, பின்னர் தரைமட்டம் உயர்த்தப்பட்டதா என மூன்று சொற்றொடரில் எழுதிவிடுவது விற்பவருக்கே காப்பு.

திசை பற்றிய ஆரவாரத்துக்கு இத்துணை இடம் வேண்டியதில்லை. ‘நூறு விழுக்காடு வாசுத்து’ என்று முழங்குவதைவிட, கிழக்கில் இரண்டு பலகணி, காலைவெயில் கூடத்தில் விழும், பிற்பகலில் கடற்காற்று வரும் என்று எழுதினால் அதனை நம்புபவரும் மகிழ்வர், நம்பாதவரும் மகிழ்வர். வேறொரு வழக்கமும் உண்டு. வாடகை விளம்பரங்களில் ‘சைவ உணவினர்க்கு மட்டும்’ என்று மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் எழுதுவது, விற்பனை விளம்பரங்களிலும் தலைகாட்டுகிறது. விற்றுப் பணமும் பெற்றுப் போன வீட்டின் அடுப்பில் நாளை என்ன கொதிக்கும் என்று கவலைப்படுபவர், வீட்டை விற்க வந்தாரா, அடுப்பைக் காக்க வந்தாரா? வாயிலில் நிற்கும் வாங்குவோருள் பெரும்பகுதியினரைத் தாமே விரட்டிவிட்டுப் பின்னர்ச் சந்தை மந்தம் என்று நோவதில் பயனில்லை.

ஒளிப்படத்துக்கு வருவோம். கொடியில் தொங்கும் துணியும், கட்டிலில் குவிந்த தலையணையும், ஆடியில் தெரியும் படம் எடுப்பவரின் வயிறும் வீட்டின் உறுப்புகள் அல்ல. காலை ஒன்பது மணிக்குப் பலகணிகளைத் திறந்துவைத்து, அறையின் மூலையில் நின்று, கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து எடுத்தால் போதும். கூடத்தைப் பத்துக் கோணத்தில் காட்டிக் கழிவறையை மறைப்பது ஐயத்தையே வளர்க்கும். அடுக்களை, கழிவறை, மொட்டைமாடி, ஊர்தி நிறுத்துமிடம், வீட்டுக்கு முன்னுள்ள தெரு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு படம் வேண்டும். அறைகளின் நீள அகலத்தைக் குறித்துக் கையால் வரைந்த தரைப்படம் ஒன்று இருபது ஒளிப்படங்களுக்கு ஈடாகும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். பட்டா தமிழில் வருகிறது. வில்லங்கச் சான்று தமிழில் வருகிறது. வீட்டைப் பார்க்க வரும் குடும்பம் கூடத்தில் நின்று தமிழில்தான் தமக்குள் பேசிக்கொள்கிறது. விளம்பரம் மட்டும் ஆங்கிலத்தில். முடிவெடுக்கும் தாய்க்கும் பாட்டிக்கும் அது எட்டுவதில்லை. கூடம், அடுக்களை, பரண், தாழ்வாரம், புழக்கடை என்னும் சொற்கள் கண்முன் ஒரு வீட்டை நிறுத்துகின்றன, ‘டூ பி.எச்.கே.’ ஓர் எண்ணைத்தான் நிறுத்துகிறது. தமிழறியாத வெளிமாநிலத்தாரும் இந்நகரில் வீடு வாங்குகின்றனர் என்பது உண்மையே. அவர்பொருட்டுத் தமிழின் கீழே ஆங்கிலப் படியொன்றை இடுவதில் இழுக்கில்லை. ஊர்ப்பெயரையும் அவ்வாறே இருவகையாகவும் எழுதவேண்டும். ‘டி.நகர்’ என்று தேடுவோரும் உண்டு, தியாகராயநகர் என்று தேடுவோரும் உண்டு, ‘ஆர்.ஏ.புரம்’ என்றும் இராசா அண்ணாமலைபுரம் என்றும் இரண்டும் இருந்தால்தான் தேடுபொறியில் விளம்பரம் இருவர் கண்ணிலும் படும்.

விலையை மறைத்து ‘நேரில் பேசலாம்’ என்று எழுதுவோர், வழிகாட்டி மதிப்பு பதிவுத்துறையின் தளத்தில் எவரும் காணும்படி கிடப்பதை மறந்துவிடுகின்றனர். வாங்குபவர் விலையோடு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் கூட்டித்தான் தம் கையிருப்பை எண்ணுவார். பதிவுக் கட்டணம் 2023 மார்ச்சு இறுதியில் 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைந்தபோதும் முத்திரைத் தீர்வை உள்ளிட்டவை 7 விழுக்காடாகவே நின்றன. ஒரு கோடி உருவா வீட்டுக்கு இவை ஒன்பது இலக்கம். தொகை தெரியாத வீட்டுக்கு இக்கணக்கைப் போட எவரும் மெனக்கெடமாட்டார்.

எடுத்துக்காட்டாக, மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டை விற்பவர் இவ்வாறு எழுதலாம்: ‘மயிலாப்பூர், மந்தைவெளி. 1988இல் கட்டியது, முதல் மாடி, மின்தூக்கி இல்லை. இரண்டு படுக்கையறை, கூடம், அடுக்களை, பரண். புழக்கப் பரப்பு 780 சதுர அடி. இரண்டு மனை நிலத்தில் எட்டு வீடுகள். நிலப்பங்கு 600 சதுர அடி. தெரு 30 அடி அகலம். மாநகரக் குடிநீர் உண்டு, கிணறும் உண்டு. 2015 மழையில் தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றது, படியேறவில்லை. கடன் இல்லை, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று அணியமாக உள்ளது. பறக்கும் தொடர்வண்டி நிலையம் நடந்து செல்லும் தொலைவு. ஞாயிறு காலை பார்க்கலாம்.’

இதன் கீழே விலையை எழுதிவிட்டால் விளம்பரம் முடிந்தது. ஞாயிறு காலை வருபவர் எல்லாம் அறிந்தே வருவார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து விலையைப் பேசத் தொடங்கலாம்.