பழுது பார்ப்பவர்

மாதத்தின் 20ஆம் தேதியன்று அவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியாது. 7, 11, 15 ஆகிய தேதிகளிலும் ஏறத்தாழ அதே கதைதான். நாள் நட்சத்திரம் பார்த்துத் தொழில் செய்கிற மனிதரோ என்று முதலில் எண்ணினேன். காரணம் வேறு. பிடித்தம் செய்த வருமான வரியை 7ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். சரக்கு மற்றும் சேவை வரிக்கான விற்பனை விவரம் 11க்குள். தொழிலாளர் வைப்புநிதி 15க்குள். வரிக்கணக்கை முடித்துப் பணம் கட்டுவது 20க்குள். ஆம்பூர் தொடங்கி இராணிப்பேட்டை வரை தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் ஆடிட்டர் அலுவலகங்களும் கடைசி நாள் மாலையில்தான் கணினியின் முன் உட்காருகின்றன. டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய குட்டி டோக்கனை, நேற்றுவரை அறிந்திருந்த கணினி, அந்த மாலையில்தான் ‘யார் நீ?’ என்று கேட்கும். 2017 ஜூலை 1இல் புதிய வரி வந்தபின் கணக்கர்கள் உறக்கம் இழந்தார்கள் என்று எல்லோரும் பேசினார்கள். கணக்கரின் மேசைக்கடியில் கம்பியைக் கையில் பிடித்தபடி குனிந்திருந்த மனிதரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்த மனிதர்தான் என் நண்பர். ஆம்பூரில் ஒரு சிறிய கடை, இரண்டு உதவியாளர்கள், ஒரு பைக். ஊரில் அவரை ‘சிஸ்டம் பையன்’ என்பார்கள். நாற்பதை நெருங்கும் ஒருவர், பள்ளிக்குப் போகும் இரு பிள்ளைகளின் தந்தை, இன்னமும் பையன். ஒரு சனிக்கிழமை, வேடிக்கை பார்க்கும் ஆசையில், அவருடைய பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டேன். இக்கட்டுரைக்கு அந்த ஒரு நாள்தான் மூலதனம். கூடவே என் மனச்சாட்சியின் ஓர் உறுத்தலும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

காலை ஒன்பதுக்கு ஓர் ஆடிட்டர் அலுவலகம். அச்சுப்பொறி தாளைக் கடித்துக்கொண்டு விட மறுத்தது. பத்தே நிமிடம். அடுத்து ஒரு ஷூ கம்பெனி. ஷூவின் மேற்பகுதிக்கான தோலை வீணாக்காமல் வெட்டும் வரைபடத்தைக் கணினி போடுகிறது. அதன் தகவல் வெட்டும் இயந்திரத்துக்குப் போய்ச் சேரவில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் விடை கொடுத்துவிட்டது. ஆனால் இயந்திரத்தோடு கூடவே வந்த மென்பொருள் எக்ஸ்பியைத் தவிர எதற்கும் வாய் திறக்காது. ஆகவே ஒரு பழைய கணினியை இணையத்தின் கண்ணில் காட்டாமல், மூப்படைந்த உறவினரைப் பேணுவதுபோல் பேணிவருகிறார். 2017 மே மாதம் ‘வானாக்ரை’ என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, மூன்று நாள் ஊர் ஊராகப் போய்க் கம்பிகளைப் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார். அதற்குத் தனியாகக் கூலி கேட்டீர்களா என்றேன். “ஒண்ணும் ஆவலையே சார், எப்படிக் கேக்கறது?”

இந்தப் பதிலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பிற்பகலில் சென்ற தோல் ஷாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடைச் சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர் அமிலத்தைச் சந்திக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழுகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று பாடநூலில் படித்திருப்போம். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை இரயிலில் சன்னலோரம் அமர்ந்து போனவர்களுக்குப் பாடநூல் தேவையில்லை. அலுவலக அறை சுண்ணாம்புத் தொட்டிகளிலிருந்து முப்பதடி தூரத்தில் இருந்தது. நண்பர் ஒரு கணினிப் பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகையைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தார். மின்தடங்களின் ஓரமெல்லாம் மைபோலக் கறுப்பு. வாங்கி இரண்டாண்டுகூட ஆகவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிப்பானால் நினைவகப் பட்டையின் பற்களைத் தேய்த்தார். பலகையைச் சாராயத்தில் நனைத்த தூரிகையால் துலக்கினார். “இன்னும் ஆறு மாசம் தாங்கும். காத்து அப்படி கீது சார், நான் இன்னா பண்றது?”

செம்பும் வெள்ளியும் கந்தகக் காற்றில் கறுக்கும். வீட்டில் வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே வேதியியல்தான். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைத் தடைசெய்தது. ஈயம் தொலைந்தது நன்மையே. ஆனால் ஈயக்கலவைப் பூச்சு போன இடத்தில் சில உற்பத்தியாளர்கள் மெல்லிய வெள்ளிப் பூச்சிட்டார்கள். கந்தகம் மிகுந்த இடங்களில் அப்பலகைகள் விரைவில் மாண்டன. இதற்கென்றே ஐ.எஸ்.ஏ. 71.04 என்றொரு தரவரையறை உண்டு. ஒரு செப்புத் துண்டை அறையில் முப்பது நாள் தொங்கவிட்டு, அதன்மேல் படிந்த படலத்தின் கனத்தை அளந்து, காற்றை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். படலம் 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் நின்றால் அது கணினிக்கு ஏற்ற காற்று. நண்பர் இந்தத் தரவரையறையைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எந்த ஷாப்பில் எந்தச் சுவரோரம் காற்று தேங்குகிறது என்பதைப் பலகையின் கறுப்பைக் கொண்டே சொல்லிவிடுகிறார். அவருடைய தந்தை அத்தகைய சுண்ணாம்புத் தொட்டியில்தான் முப்பதாண்டு நின்றவர். மகன் மேல் அந்த வாடை படக்கூடாது என்று கடன்பட்டுப் பாலிடெக்னிக்குக்கு அனுப்பினார். மகன் இப்போது கணினிகளிலிருந்து அந்த வாடையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு ஷாப்பில் அவருடைய யோசனையைக் கேட்டு, சர்வரை மாடியில் குளிர்சாதனம் பொருத்திய, காற்றுப்புகாத அறைக்கு மாற்றினார்களாம். நல்ல முதலாளி, செலவைப் பார்க்கவில்லை. நீண்ட கம்பி ஒன்று மாடியிலிருந்து இறங்கிவந்தது. கணக்கரும் அவருடைய விசைப்பலகையும் திரையும் பழைய இடத்திலேயே, தொட்டிக்கு அருகிலேயே இருந்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன், வீடு திரும்பியபிறகுதான் சிரிப்பு நின்றது. அந்த வாயு செறிவு மிகுந்தால் மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும் என்பார்கள். தொட்டியோரம் நிற்பவர் ‘நாத்தமா? ஒண்ணும் தெரியலையே’ என்றால், பழக்கம் மட்டுமே காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை.

பாலாற்றைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதற்கு நம் தோல்பட்டறைகள் காரணமாயின. அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் ஆணையிட நேர்ந்தது. இடையில் 2014 முதல் கழிவுநீர் ஓட்டத்தை அளக்கும் மானிகளும் கேமராக்களும் வந்தன. அவை காண்பது இணையத்தின் வழியே வாரியத்துக்குப் போகவேண்டும். நள்ளிரவில் இணைப்பு அறுந்தால் யாருக்கு அழைப்பு வரும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது உறுத்தலுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கணினியின் வன்தட்டு உயிரை விட்டது. பதினைந்தாண்டுப் பாடக்குறிப்புகள், சங்க இலக்கியம் முழுவதும் அதற்குள். நண்பர் அவற்றை மீட்டுக் கொடுத்தார். திறந்து பார்த்தால் தமிழே இல்லை. ஐரோப்பிய எழுத்துகளின் மேல் கொம்பும் புள்ளியும் முளைத்த ஒரு காடு. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோமே, அந்தப் பாவத்தின் சம்பளம். (தமிழக அரசே 2010இல்தான் யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது.) என் எழுத்துருவைப் பொதுவான மாற்றிகள் எதுவும் அறியவில்லை. நண்பர் தம் மடிக்கணினியில் ஏதோ ஒன்றை ஓட்டினார். இருபது நிமிடத்தில் புறநானூறு எழுந்து வந்தது. ஐந்நூறு ரூபாய் என்றார். “இருபது நிமிடத்துக்கு ஐந்நூறா, தம்பி?” என்று கேட்டேன். கேட்டது நான்தான். சிரித்துக்கொண்டே முந்நூறு வாங்கிப் போனார். அந்த எழுத்துருவின் ஒவ்வொரு குறியையும் அச்சிட்ட தாளோடு ஒப்பிட்டு, மூன்று வாரம் இரவுகளில் உட்கார்ந்து அவரே அந்த மாற்று அட்டவணையை உருவாக்கினார் என்பது வெகுநாள் கழித்து அவர் உதவியாளர் சொல்லித்தான் தெரிந்தது. பத்தாம் வகுப்பில் தமிழில் தேறுவதற்கே திண்டாடியவர் என்று அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுண்டு.

தமிழாசிரியன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லை எடுத்துவைக்கிறேன். நம் மொழியில் பழுதை ‘நீக்குவது’ பேச்சு வழக்கன்று, பழுது பார்க்கிறோம். வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம். வேலையே பார்க்கத்தான் செய்கிறோம். திறமை கையில் தொடங்குவதில்லை, கண்ணில் தொடங்குகிறது என்பதை நம் வினைச்சொல் அறிந்திருக்கிறது. நம் கைப்பைதான் அறியவில்லை. புதிய உறுப்பு மாற்றினால் அதன் விலையைத் தயங்காமல் தருகிறோம். உறுப்பு எதுவும் மாற்றாமல் ஒரு திருகை இறுக்கிச் சரிசெய்துவிட்டால், ‘இதுக்கா?’ என்கிறோம். இதனால் நேர்வது என்ன? நேர்மையான தொழிலாளி பட்டினி கிடப்பான். அல்லது தேவையற்ற உறுப்பை மாற்றக் கற்றுக்கொள்வான். ‘எல்லாரும் ஏமாற்றுகிறார்கள்’ என்று பிறகு நாம்தான் புலம்புகிறோம்.

இத்தனைக்கும் இது வேலூர். ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய மருத்துவமனை நிற்கும் ஊர். வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் இரயிலில் வந்து, மருத்துவர் ‘ஒன்றுமில்லை, ஊருக்குப் போங்கள்’ என்று சொல்வதற்குப் பணம் கட்டி, நிம்மதியாகத் திரும்புகிறார்கள். ஒன்றுமில்லை என்று கண்டறிவதன் விலையை இவ்வூரைவிட நன்றாக அறிந்த ஊர் எது?

என் பாடக்குறிப்புகளில் புறநானூற்றின் 82ஆம் பாட்டும் இருந்தது. சாத்தந்தையார் பாடியது. ஊரில் விழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி. மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் வாரால் கட்டில் பின்னும் ஒருவன் கையிலுள்ள ஊசி எத்தனை விரைவாக ஓடுமோ, அத்தனை விரைவானதாம் போர்வைக் கோப்பெருநற்கிள்ளியின் போர். உவமையின் அழகை இருபதாண்டாக வகுப்பில் வியந்திருக்கிறேன். அவனைப் பிறப்பால் தாழ்த்திக் குறிக்கும் சொல்லைக் கடந்து போகையில் மட்டும் குரல் சற்றுத் தணியும். பைக்கில் போய்வந்த பிறகு பாட்டை வேறு விதமாகப் படிக்கத் தோன்றுகிறது. தோல் வாரோடு போராடும் அந்த மனிதனின் மாலைப்பொழுதைப் புலவர் இவ்வளவு துல்லியமாகக் கண்டிருக்கிறார். கண்டதை முழுக்க மன்னன் கணக்கில் வரவு வைத்துவிட்டார். கட்டில் முடிந்ததா, பிள்ளை பிறந்ததா என்று நமக்குத் தெரியாது.

நவீன உரைநடையும் இதில் பெரிதாக முன்னேறிவிடவில்லை. மென்பொருளாளர்களுக்கு இரா. முருகனின் ‘மூன்று விரல்’ இருக்கிறது, விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ இருக்கிறது. இந்த மண்ணின் உழைப்பாளிகளின் வாழ்வை அழகிய பெரியவன் எழுதியிருக்கிறார். இவ்விரு உலகங்களுக்கும் நடுவே, ஒரு கையில் திருப்புளியும் மறுகையில் அழிப்பானுமாக ஓடிக்கொண்டிருப்பவரை நான் இதுவரை எந்தப் புனைவிலும் சந்தித்ததில்லை. அறிந்தவர்கள் சுட்டிக்காட்டினால் மகிழ்வேன். சுண்ணாம்புத் தொட்டி முதல் முதலாளியின் அறை வரை ஒரே நாளில் நுழைந்து வெளிவருகிற மனிதர் இந்தப் பகுதியில் வேறு எவர்?

எங்கள் கல்லூரியின் கணினிக்கூடப் பராமரிப்பு ஒப்பந்தம் நெடுங்காலம் அவரிடம்தான் இருந்தது. ‘ஆண்டு முழுக்க ஒன்றுமே கெடவில்லை, எதற்கு இவ்வளவு தொகை?’ என்று சென்ற ஆண்டு கேள்வி எழுந்தது. கெடாமல் இருந்ததே அவர் செய்த வேலை என்று சொல்ல வேண்டியவன் நான்; கொள்முதல் குழுவில் இருந்தேன். குறைந்த விலைப்புள்ளிக்குக் கையெழுத்திட்டேன். புதிதாக வந்தவர்கள், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் பழைய கணினிகள் நாற்பதையும் தூக்கி எறியச் சொல்கிறார்கள். நண்பரைத் தனியாகக் கேட்டேன். லினக்ஸைப் போட்டால் தமிழ்த் துறைக்கும் நூலகத்துக்கும் இன்னும் சில ஆண்டு உழைக்கும் என்றார். அந்த யோசனைக்கும் காசு வாங்கவில்லை.

வரும் வாரம் குழு மறுபடியும் கூடுகிறது. விலைப்புள்ளிப் படிவத்தில் உதிரிப்பாகம், வருகைக்கட்டணம் என இரண்டு பத்திகள்தாம் உள்ளன. ‘பார்த்துச் சொல்வதற்கு’ என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தணிக்கையில் கேள்வி கேட்பார்கள் என்கிறார் அலுவலகக் கண்காணிப்பாளர். கேட்கட்டும். விளக்கக் குறிப்பை நானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.