பெடல்தான் இல்லை, சார்!

இடது காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டது ஒரு குற்றமா, சொல்லுங்கள்?

வீடு குரோம்பேட்டை, ஆபீஸ் அம்பத்தூர். நடுவில்தான் எத்தனை சிக்னல்! கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தனிக்குடித்தனம் போய்விட்டது. மனைவியோ லைசென்ஸ் எடுத்த நாளோடு சரி. கியர் என்றாலே பயம். ஆகவே, கடன் வாங்கி, 2017 மாடல் ஆட்டோமேடிக் கார் ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கினேன்.

"டாக்டர் வண்டி சார்" என்றார் புரோக்கர். சென்னையில் விலைக்கு வரும் கார்களில் பாதி டாக்டர் வண்டி. மீதி, பாங்க் மேனேஜர் வண்டி.

ஆறு மாதம் சுகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி ஓட்ட, கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது. வண்டி நகர மறுக்கிறது. ஒரே கருகல் நாற்றம். பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஹாரனாலேயே என் பரம்பரையை விசாரித்தார்.

"என்ன பண்ணித் தொலைச்சே?" என்று கத்திவிட்டேன்.

அவள் பதில் பேசவில்லை. கீழே இறங்கியதும், "இனிமே இந்த வண்டியை நான் தொடலைங்க" என்றாள்.

அசோக் நகரில் ஒரு வொர்க் ஷாப்புக்கு இழுத்துப் போனோம். மெக்கானிக் பையன் பார்த்துவிட்டு, "கிளட்ச் தேஞ்சு போச்சு சார்" என்றான்.

"தம்பி, இது ஆட்டோமேடிக். இதுல ஏது கிளட்ச்?"

"பெடல்தான் இல்லை சார். கிளட்ச் உள்ளே பத்திரமா இருக்கு... இருந்துச்சு."

இந்த ரகத்துக்கு ஏ.எம்.டி. என்று பெயராம். 2014 முதல் நம் ஊர்ச் சின்னக் கார்களில் வருகிறது. அதே பழைய கியர்பாக்ஸ், அதே கிளட்ச். என் இடது கால் செய்த வேலையை ஆக்சுவேட்டர் என்கிற கருவி செய்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் பிரேக் போடாமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடித்தால், கிளட்ச் வழுக்கிக்கொண்டே சூடேறித் தேய்ந்துவிடும்.

"மேட்டுல அப்படி நிறுத்தினது யாரு சார்?"

சட்டென்று மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவிங் ஸ்கூலில் சொன்னபடி, மேம்பாலத்தில் ஹாண்ட் பிரேக் போட்டவள் அவள். "ஆட்டோமேடிக்குக்கு எதுக்கு அதெல்லாம்? லேசா ஆக்ஸிலரேட்டரைக் கொடு, தானா நிக்கும்" என்று சிரித்த மேதை, அடியேன்.

நாலு நாள் கழித்து, பில் 18 ஆயிரம். பையன் புது கிளட்சைப் போட்டு, அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டரை மாட்டி வண்டிக்குப் பாடம் நடத்தினான். வண்டி உடனே கற்றுக்கொண்டது. எனக்குத்தான் ஆறு மாதம் ஆனது.

நீங்களும் இப்படி ஒன்று வாங்கப் போகிறீர்களா? இன்ஜின் சூடாவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள், டாக்டர் வண்டியே ஆனாலும்!

வாசலில் மனைவியிடம் சாவியை நீட்டினேன். "தப்பு என்னுதுதான். நீயே ஓட்டு." பதினெட்டாயிரத்தைவிட இதை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரம் சாவியையே பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

கத்திப்பாரா ஏற்றத்தில் டிராஃபிக் நின்றது. 'கர்ரக்' என்று ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது இரண்டு காலுக்கும் ஓய்வு. வாய்க்கும்தான்!