பேர் தெரியாத பொடி மீன்: பதிவு செய்வது யார்?

இரும்பை ஏரிக்கு நான் போனது மீன் பார்க்க அல்ல. ராத்திரியோடு ராத்திரியாக மண் அள்ளிய லாரி பிடிபட்டது என்று யாரோ போன் செய்தார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். லாரியும் இல்லை, போலீசும் இல்லை. சுத்த வதந்தி.

கரையில் மூன்று பையன்கள் மட்டும் இருந்தார்கள். கையில் கிழிந்த கொசுவலைத் துண்டு. ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டிலுக்குள் பத்துப் பதினைந்து மீன்கள். ஒவ்வொன்றும் விரல் நகத்துக்குக் கொஞ்சம் பெரிசு. ஒன்றுக்குத் தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு. இன்னொன்று கண்ணாடி போல. உள்ளே இருக்கிற முள் தெரிகிறது. மூன்றாவது வகை எதிலும் சேரவில்லை.

"என்ன மீனு தம்பி இது?"

"பொடி மீனுண்ணா."

"அப்ப அது?"

"அதுவும் பொடி மீனுதாண்ணா."

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயாவைக் கேட்டேன். "விராலு, கெளுத்தி, கொரவைன்னா பேரு இருக்கும். இதுக்கெல்லாம் எதுக்குப்பா பேரு? கொக்கு தின்றது" என்று சொல்லிவிட்டு ஆட்டை விரட்டப் போய்விட்டார்.

கொலை, கொள்ளை, குடிநீர்க் குழாய் உடைப்பு என்று எழுதுகிறவன் நான். படித்தது பள்ளிக்கூடம் வரைக்கும்தான். மீனைப் பற்றி எழுத இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று நின்று ஒரு விஷயம் கற்றிருக்கிறேன். ஒரு ஸ்டேஷனில் திருட்டு வழக்கே பதிவாகவில்லை என்றால் அந்த ஊரில் திருடனே இல்லை என்று அர்த்தமில்லை. புகாரை யாரும் எழுதி வாங்கவில்லை என்றும் இருக்கலாம்.

மீன் புத்தகமும் அப்படித்தான். "இந்த மீன் இன்ன ஊரில் இருக்கிறது" என்று எழுதியிருந்தால், அந்த ஊரில் வலையோடு ஒருத்தர் போனார் என்று பொருள். எழுதாத ஊரில் மீன் இல்லை என்று அது சொல்லவில்லை.

இலங்கைத் திருடன்

ஒரு வழக்கைச் சொல்கிறேன். கொழும்பு அருங்காட்சியகத்தில் இருந்த தெரணியகல என்பவர் 1943-ல் ஒரு பொடி மீனுக்கு அறிவியல் பேர் வைத்தார். பேர் 'ஹொரதண்டியா'. சிங்கள மக்கள் அதை அழைத்த பேரையே எடுத்துக்கொண்டார். சிங்களத்தில் 'ஹொர' என்றால் திருட்டு. திருட்டு மீன்! வளர்ந்தாலே ஒரு அங்குலம்தான் தேறும். ஓட்டம் இல்லாத குட்டையிலும், செடி அடர்ந்த வாய்க்கால் ஓரத்திலும் கிடக்கும்.

இந்த மீன் இலங்கையில் மட்டும்தான் உண்டு என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 49 வருஷம் கழித்து, 1992-ல், கேரளாவில் ஆலப்புழை பக்கம் வேம்பநாட்டுக் காயலுக்கு நடுவே இருக்கும் பாதிராமணல் தீவில் இது இருப்பதை ரெமாதேவி, மேனன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள். முதலில் இலங்கை மீனின் கிளை வகை என்றார்கள். 2013-ல் இலங்கை ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, கேரளத்து மீன் தனி இனம் என்றே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அந்த மீன் 1992-ல் படகு ஏறி வந்ததா என்ன? பனிக்காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்து கிடந்தபோது இலங்கையும் நம் கரையும் ஒரே நிலம். மீன் அன்றைக்கே இரண்டு பக்கமும் இருந்திருக்கும். வேம்பநாட்டில் எத்தனையோ தலைமுறை மீனவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். "பொடி மீனு" என்று தண்ணீரிலேயே உதறிவிட்டிருப்பார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. இரும்பையிலிருந்து பாண்டிச்சேரி தாண்டி அரியாங்குப்பம் ஒரு பஸ் டிக்கெட் தூரம். வயல் வாய்க்காலிலும் சேற்றுக் குட்டையிலும் இருக்கிற, வாயால் காற்றுக் குமிழி ஊதிக் கூடு கட்டுகிற ஒரு சின்ன மீனுக்கு 1831-ல் பாரீசில் குவியே என்ற பிரெஞ்சு அறிஞர் பேர் வைத்தார். அந்தப் பேரின் கடைசிப் பாதி 'குபானஸ்'. அரியாங்குப்பத்தில் உள்ள 'குப்பம்' அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. உலகத்தில் எந்த ஊர் விஞ்ஞானி அந்த மீனைப் பற்றி எழுதினாலும் அரியாங்குப்பத்தை எழுதாமல் தப்ப முடியாது. அரியாங்குப்பம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே போன மாசம்தான் தெரியும்.

எப்படி வருகிறது?

ஒரு ஏரி மீன் அடுத்த ஏரிக்கு எப்படிப் போகும்? மழை பெய்து ஏரி கோடி போனால் வழிகிற தண்ணீரோடு கீழே இருக்கிற ஏரிக்குப் போகும். வரத்து வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டு மேலேயும் ஏறும். நம் முன்னோர்கள் ஏரிகளைச் சங்கிலியாகக் கோர்த்தது பாசனத்துக்கு. மீனுக்கும் அதுவே ரோடு.

பறவையும் ஒரு வழி. 2020-ல் ஹங்கேரியில் ஒரு சோதனை செய்தார்கள். வாத்துகளுக்கு 8 ஆயிரம் கெண்டை மீன் முட்டைகளைத் தின்னக் கொடுத்தார்கள். எச்சத்தில் 18 முட்டைகள் முழுசாக வெளியே வந்தன. அதில் சிலது குஞ்சும் பொரித்தது. 8 ஆயிரத்தில் 18 என்றால் ஒன்றுமில்லைதான். ஆனால் கழுவேலிக்கு வருகிற பறவைக் கூட்டத்தை ஒரு மார்கழிக் காலையில் பார்த்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது வழிதான் வில்லங்கம். மனிதன்! வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீனைக் கொண்டுபோய் ஏரியில் கொட்டுகிறோம். கொசுவை ஒழிக்கிறேன் என்று 1928-ல் கம்பூசியா மீனை இத்தாலியிலிருந்து கொண்டுவந்தார்கள். கொசுப் புழுவோடு நிறுத்தாமல் மற்ற மீனின் முட்டையையும் குஞ்சையும் அது தின்கிறது. தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த நம்ம ஊர் முண்டக்கண்ணி காலம் காலமாகக் கொசுப் புழு தின்கிற மீன்தான். உள்ளூர்க்காரனுக்கு வேலை இல்லை. வெளியூர்க்காரனுக்கு அரசாங்க உத்தியோகம்! ஜிலேபி மீன் 1952-ல் வந்தது. இன்றைக்கு அது இல்லாத ஏரி எது? ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-ல் மத்திய அரசு தடை செய்தது. தடை வந்ததால் மீன் செத்துவிடுமா?

அதனால் புது மீன் கண்ணில் பட்டதும் கைதட்டக் கூடாது. ஊர்க்காரனா, கொண்டுவந்து விட்டதா என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்க வேண்டுமானால் முன்னாலேயே ஒரு பட்டியல் இருக்க வேண்டும். நேற்று வரை யார் யார் குடியிருந்தார்கள் என்று தெரியாத தெருவில் புது ஆளை எப்படி அடையாளம் காட்டுவது?

'களை' என்று ஒரு பேர்

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மீன் வளர்ப்புப் பாடத்தில் இந்தப் பொடி மீன்களுக்கு ஒரு பேர் உண்டு. 'களை மீன்'. வயலில் முளைத்த கோரை மாதிரி! கட்லா, ரோகு குஞ்சு விடும் முன்பு குளத்தில் இலுப்பைப் பிண்ணாக்கைப் போட்டு இவற்றை ஒழிக்கச் சொல்கிறார்கள். சொந்தக் குட்டையில் முதல் போட்டவர் செய்வதை நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கடன் இருக்கும். ஆனால் அதே புத்தி பொது ஏரிக்கும் வந்தால்? விலை இல்லாத உயிரெல்லாம் களை என்றால் கொக்குக்கும் நாரைக்கும் சோறு போடுவது யார்?

மரக்காணம் பக்கத்துக் கழுவேலி 5 ஆயிரத்து 151 எக்டேர். 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது. நல்ல காரியம், கைதட்டுவோம். பறவையை எண்ணுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். பறவை வயிற்றுக்குள் போகிற மீனையும் அதே அக்கறையோடு எண்ணினால் என்ன?

இன்னொன்று, மண். வண்டல் மண் எடுக்க 2024-லிருந்து தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. விவசாயிக்கும் மண்பாண்டம் செய்கிறவர்களுக்கும் அது நல்லதுதான். ஏரி தூர் வாராமல் கிடந்தால் அதுவும் கேடு. கேள்வி, எப்படி எடுக்கிறார்கள் என்பதில். கோடையில் ஏரி வற்றும்போது பொடி மீன் எல்லாம் கடைசியாக நிற்கிற பள்ளத்துத் தண்ணீரில் ஒதுங்கும். அடுத்த மழைக்கு ஏரி முழுக்கப் பரவ வேண்டிய விதை அங்கேதான் இருக்கிறது. பொக்லைன் அந்தப் பள்ளத்தில் இறங்கி, ஓரத்துக் கோரையையும் வழித்துவிட்டால் கதை முடிந்தது. பேரே எழுதாத மீன் ஆயிற்றே. காணாமல் போனதென்று புகார் கொடுக்கக்கூட ஆள் கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2002-ம் வருஷத்து உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றும் இருக்க வேண்டும். உங்கள் ஊர் ஊராட்சி அலுவலகத்தில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மீன் பக்கத்தைப் புரட்டுங்கள். விரால், கெளுத்தி, கெண்டை என்று மூன்று பேரை எழுதி "மற்றும் பல" என்று முடித்திருந்தால் விடாதீர்கள். அந்த 'மற்றும் பல' யார் யார் என்று கேளுங்கள்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஊருக்கு ஒரு நாள். பள்ளிப் பிள்ளைகள், மீன் பிடிக்கிற ரெண்டு பெரியவர்கள், ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு செல்போன். பக்கவாட்டில் படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதி, மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். படம் எடுத்ததை ஆராய ஆள் வேண்டுமே என்பீர்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணம். மண் அனுமதி கேட்கிற மனுவோடு இந்தப் பட்டியலையும் சேர்த்துக் கொடு என்று கலெக்டர் ஒரு வரி உத்தரவு போட்டால் போதும்.

அன்றைக்கு நானும் அந்த மூன்றாவது வகை மீனைப் படம் எடுத்தேன். கை ஆடிவிட்டது. வாலும் தெரியவில்லை, கண்ணும் தெரியவில்லை. பையன்களில் ஒருத்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா ணா நீ, குடு" என்று போனைப் பிடுங்கி நாலே நொடியில் சுத்தமாக ஒரு படம் எடுத்தான். பிறகு பாட்டிலை ஏரியில் கவிழ்த்துவிட்டு, "நாளைக்கு வந்தா இன்னும் வேற மாதிரி ஒண்ணு காட்டுறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். டம்ளர் வாங்கியாகிவிட்டது.