ஆலோசகர் யார் பக்கம்?

ஆலோசகர் என்ற சொல்லைக் கேட்டாலே நம் தோழர்களுக்கு ஓர் எரிச்சல். அதில் நியாயமும் உண்டு. குளிரூட்டிய அறையில் அமர்ந்துகொண்டு, "கட்டணத்தை உயர்த்து, ஆட்களைக் குறை, துறையைத் தனியாரிடம் தள்ளிவிடு" என்று ஆட்சியாளர் காதில் ஓதுகிறவர்களையே நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். ஆனால் எல்லா ஆலோசகரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். அதற்குச் சான்று, அமெரிக்க நாட்டு டேவிட் பிரீமன்.

யார் இந்தப் பிரீமன்? சீமான் வீட்டுச் செல்வப்பிள்ளையா? இல்லை! லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்து, டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா நகரில் குடை ரிப்பேர் செய்த ஓர் உழைப்பாளியின் மகன். பிறந்தது 1926-இல். ரூஸ்வெல்ட் காலத்தில், 1933-இல், அரசே அணை கட்டி மின்சாரம் வழங்க அமைத்த டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். பிறகு சட்டமும் படித்தார். ஜான்சன் ஆட்சியில் வெள்ளை மாளிகையில் எரிசக்திக் கொள்கையைக் கவனித்தார். 1978-இல், தாம் வேலைக்குச் சேர்ந்த அதே ஆணையத்துக்குத் தலைவரானார்.

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் 1989-இல் ஒரு தேர்தல் நடந்தது. மக்கள் வாக்களித்தது வேட்பாளருக்கல்ல. அணு உலையைப் பற்றி! அடிக்கடி பழுதாகி நின்ற ராஞ்சோ சீக்கோ உலையை மூடு என்று பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர். மின் நிறுவனம் ஊருக்குச் சொந்தம். ஆகவே ஊர் சொன்னது நடந்தது. மறு ஆண்டே அதன் பொறுப்பை ஏற்றார் பிரீமன். மின்சாரத்தை விழுங்கும் பழைய குளிர்பதனப் பெட்டிகளைப் பணம் கொடுத்து வாங்கி அகற்றினார். வெயில் தாக்கும் வீடுகளைச் சுற்றி நிழல் மரம் நட இலவசக் கன்று கொடுத்தது நிறுவனம். நிழல் விழுந்தால் வீடு குளிரும். வீடு குளிர்ந்தால் கட்டணம் குறையும். அந்தத் திட்டத்தில் இதுவரை கொடுத்த மரக்கன்றுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல்!

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். அதே மாநிலம் 1996-இல் சட்டம் இயற்றி, மின்சாரத்தைச் சந்தையில் இறக்கியது. போட்டி வந்தால் விலை இறங்கும் என்றார்கள். இறங்கியதா? 2000 கோடையில் மொத்த விலை பல மடங்கு ஏறிற்று. 2001 தொடக்கத்தில் வட்டாரம் வட்டாரமாக விளக்குகள் அணைந்தன. ஏப்ரலில் பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற பெரும் நிறுவனமே திவால் மனுப் போட்டது. மழைக் குறைவும் ஒரு காரணம்தான். ஆனால் தட்டுப்பாட்டை ஊதிப் பெருக்கி இலாபம் அடித்த தந்திரங்கள், என்ரான் கம்பெனியின் சொந்தக் குறிப்புகளிலேயே 2002-இல் அம்பலமாயின. ஆம், நம் மராட்டியத்துத் தாபோலில் மின்வாரியத்தின் தலையில் பெருவிலை மின்சாரத்தைக் கட்டிய அதே என்ரான்தான்!

அந்த இருட்டிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் விளக்கு எரிந்தது. ஏன்? நகராட்சிக்குச் சொந்தமான மின்துறை, தன் மின் நிலையங்களை விற்காமல் கையில் வைத்திருந்தது. அதன் பொது மேலாளர் பிரீமன்! பிறகுதான் கவர்னர் கிரே டேவிஸ், தம் மாநிலத்தைக் காப்பாற்ற அவரை ஆலோசகராக அழைத்தார்.

குறையையும் மறைக்க வேண்டாம். அந்த நெருக்கடியில் மாநிலம் சுமார் 4,300 கோடி டாலருக்கு நீண்டகால ஒப்பந்தங்கள் செய்தது. பேச்சு நடத்தியவர்களில் முதன்மையானவர் பிரீமன். சில மாதங்களில் சந்தை விலை விழுந்தது. அதிக விலை கொடுத்துவிட்டார் என்று ஏசினார்கள். ஏச்சில் உண்மை உண்டு. ஆனால் வீடு எரியும்போது தண்ணீருக்குப் பேரம் பேசச் சொன்னால் எவர்தான் மலிவாக வாங்குவார்? கிணற்றை விற்றுவிட்டுக் குடத்துடன் தெருவில் நின்றவன் குற்றமல்லவா முதல் குற்றம்!

தொண்ணூறாவது வயதிலும் அவர் ஓயவில்லை. 2016-இல் டயாப்லோ கேன்யன் அணு உலையை மூட ஏற்பட்ட உடன்பாட்டில் அவர் பங்கும் இருந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகளும் மின் ஊழியர் சங்கமும் ஒன்றாகக் கையெழுத்திட்டன. தொழிலாளருக்கு ஊக்கத்தொகையும் மறுபயிற்சியும் அதிலேயே எழுதப்பட்டன. 2022-இல் வந்த சட்டம், உலையின் ஆயுளை 2030 வரை நீட்டிக்க வழி செய்துவிட்டது. உலையை மூடுவதா வேண்டாமா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். தொழிலாளியைக் கேட்காமல் மூடக்கூடாது என்பதில் இருக்கலாமா?

2020-இல், 94-ஆம் வயதில் பிரீமன் மறைந்தார். தோழர்களே, இனி ஓர் ஆலோசகர் அறிக்கையோடு வரும்போது கதவைச் சாத்தாதீர்கள், கைதட்டவும் அவசரப்படாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கட்டணம் கட்டுகிறவன் கதி என்ன? வேலை செய்கிறவன் கதி என்ன? மின்நிலையம் யாருக்குச் சொந்தமாக இருக்கும்? முதல் இரண்டுக்கும் இனிக்க இனிக்கப் பதில் சொல்லிவிட்டு மூன்றாவதில் மழுப்பினால், அவர் நம் பக்கம் அல்லர்!

நல்ல மூளை வேண்டும். அந்த மூளைக்குப் பின்னால் மக்களுக்குச் சொந்தமான சொத்தும் வேண்டும். சொத்தை விற்றுவிட்டால், எத்தனை மேதைகளை வைத்தாலும் விளக்கு எரியாது.