பழைய மடிக்கணனிக்கு எவ்வளவு நினைவகம் போடலாம்?



தையல் கணக்கு, சிறுகடைக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு என்று பாவித்த மடிக்கணனி ஒன்றை வாங்கி வைத்திருப்போர் நம்மிடையே பலர். அது மெதுவாக வேலை செய்தால், "றாம் கூட்டிப் போடலாமா அக்கா?" என்று என்னிடம் கேட்பார்கள். போடலாம். ஆனால் எந்தக் கணனியும் ஓரளவுக்கு மேல் நினைவகத்தை ஏற்காது. அந்த அளவை அறியாமல் வாங்கினால், சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு வீணாகும்.

வன்தட்டு அலுமாரி என்றால், நினைவகம் தையல் மேசை. மேசை சிறிதானால் துணியை அடிக்கடி அலுமாரியில் வைத்து எடுக்க வேண்டும். அதனால்தான் வேகம் குறைகிறது. மேசையைப் பெரிதாக்கலாம், அறையை விடப் பெரிதாக்க முடியாது. கணனியில் அந்த எல்லையை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, தாய்ப்பலகை. 2006இல் வெளிவந்த திங்க்பாட் டி60 மடிக்கணனியில் 4 ஜிபி பொருத்தினாலும் ஏறத்தாழ 3 ஜிபியே பயன்படும். அதிலுள்ள இன்டெல் 945 சிப்செட் அதற்கு மேல் இடம் தராது. எந்த விண்டோஸ் போட்டாலும் இது மாறாது.

இரண்டாவது, விண்டோஸ். 32 பிட் விண்டோஸ் 7 போட்ட கணனியில் 8 ஜிபி பொருத்தினாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது. அதிலும் ஒரு பகுதி திரை முதலான உறுப்புகளுக்குப் போய்விடும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்றால் 2 ஜிபி மட்டுமே.

மூன்றாவது, நினைவகத்தின் வகை. மடிக்கணனிகளுக்கான டிடிஆர்2இல் 200 முனைகள், டிடிஆர்3இல் 204, டிடிஆர்4இல் 260. வெட்டு இருக்கும் இடமும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதை அழுத்திப் பொருத்த முயல வேண்டாம். 2013இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை மடிக்கணனிகளுக்கு 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையே வேண்டும்.

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை:

1. கணனியின் அடியில் உள்ள மாதிரி இலக்கத்தைக் குறித்து, அதைத் தயாரித்த நிறுவனத்தின் கைந்நூலில் உச்ச அளவைப் பாருங்கள்.

2. எத்தனை பொருத்துமிடங்கள் உள்ளன என்று பாருங்கள். இரண்டிலும் 2 ஜிபி இருந்தால், 8 ஜிபி ஆக்குவதற்குப் பழைய இரண்டையும் கழற்ற வேண்டிவரும். சில மெல்லிய கணனிகளில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற இயலாது.

3. கணனியையும் கடைக்குக் கொண்டு போங்கள். பொருத்தி, முழு அளவும் திரையில் காட்டிய பிறகே காசைக் கொடுங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

எல்லையை ஏற்கெனவே தொட்டுவிட்ட கணனிக்கு றாம் வாங்க வேண்டாம். வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டால் வேகம் நன்றாகக் கூடும். பிறகு அதையே கழற்றி, பொருந்தும் வேறு கணனியிலும் போடலாம்.

கேட்டு அறிந்து வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை சகோதரிகளே. அது உங்கள் உழைப்பின் காசு.