வானத்துக் கண்ணுக்கும் முதலாளி இருக்கு

"இப்ப எல்லாம் செய்மதியில பதிவாகுது, இனி ஒருத்தரும் ஒண்டையும் மறைக்கேலாது" எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். அது பாதி உண்மைதான்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலுக்குள் சுயாதீனச் செய்தியாளர்கள் போக முடியவில்லை. ஆனால் மேலே வணிகச் செய்மதிகள் போய்க்கொண்டிருந்தன. மே 6, மே 10 ஆகிய இரு நாள் படங்களை அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கம் ஒப்பிட்டுப் பார்த்தது. எறிகணைக் குழிகளும், இடையில் காணாமல்போன மக்களின் கூடாரங்களும் அவற்றில் தெரிந்தன. போர் முடிவதற்கு முன்னரே இது வெளியே வந்துவிட்டது. ஒன்றும் நிற்கவில்லை. 2011 ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையிலும் செய்மதிப் படங்கள் இருந்தன.

இந்தப் படங்களுக்குச் சொந்தக்காரர் ஆர்? 1999இல் ஏவப்பட்ட இக்கோனோஸ்தான் ஒரு மீற்றர் அளவு துல்லியத்தோடு படம் விற்ற முதல் வணிகச் செய்மதி. 2001இல் ஆப்கான் போர் தொடங்கியதும், அந்தப் பகுதியின் இக்கோனோஸ் படங்களின் முழு உரிமையையும் அமெரிக்க அரசே காசு கொடுத்து வாங்கிவிட்டது. தடைச்சட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை! 2025 மார்ச்சில் உக்ரைனுக்கும் இதே மாதிரி. அமெரிக்க அரசுத் திட்டம் ஒன்றின் வழியாகக் கிடைத்துவந்த மக்சார் நிறுவனப் படங்கள் வாஷிங்டனின் முடிவால் திடீரென நிறுத்தப்பட்டன. ஒரு அரசுக்கே இந்த நிலைமை எண்டால், நாடில்லாத எங்களுக்கு?

ஆனால் ஒரு வழி திறந்தே இருக்கு. இந்த நிறுவனங்கள் பழைய படங்களைச் சேமித்து வைத்து விற்கின்றன. புதிதாக எடுக்கச் சொல்வதைவிடப் பழைய படம் மலிவு. எங்கட அமைப்புகள் மண்டப வாடகைக்கும் மலர்மாலைக்கும் செலவழிக்கிற காசில் ஒரு பங்கு போதும், 2009 வன்னிப் படங்களை வாங்கத் தொடங்கலாம். வாங்கேக்க உரிமப் பத்திரத்தைக் கவனமாக வாசிக்கவேணும். படத்தை வைத்திருக்க உரிமை தந்துவிட்டு, பிரசுரிக்க விடாத ஒப்பந்தங்களும் உண்டு. எடுத்த திகதி, நேரம், செய்மதியின் பெயர் எல்லாவற்றோடும் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்து வைக்கவேணும்.

இது நீதிமன்றத்துக்கு மட்டுமான வேலையில்லை. வலிகாமம் வடக்கிலும் கேப்பாப்புலவிலும் இராணுவம் எடுத்த காணியில் வீடும் கிணறும் எங்கே இருந்தன எண்டு, உறுதி தொலைத்த குடும்பங்கள் காட்டவேண்டியிருக்கு. பழைய படம் அவர்களுக்கு உதவும்.

புவியியல் தகவல் முறைமை படித்த பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் எங்களிட்ட இருக்கினம். அவையிடம் இதுவரை ஆர் கேட்டவை?